கடல் கடந்து காணி, வீடு வாங்குவது: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரில் காணி உறுதி (உரிமைப் பத்திரம்), குத்தகை எழுதும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாமாங்கத் தீர்த்தக் காலத்தில் ஊருக்கு வருகிறவர்கள் திருவிழா முடிந்த கையோடு காணி விசாரிக்கவும் வருவார்கள். வளைகுடாவில் உழைக்கும் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை ஆட்கள் லீவில் வரும்போது துபாய் வீடு பற்றிக் கேட்பார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் சொந்த நொத்தாரிசிடம் (உறுதி எழுதும் சட்டத்தரணியிடம்) ஒரு தரம் கட்டாயம் கேளுங்கள்.

அண்ணன் கனடாவில இருந்து கல்லடியில காணி வாங்கினா, அதுவும் வெளிநாட்டு முதலீடா? அவர் இந்த ஊர் ஆள்தானே?

மனதால் ஊர் ஆள்தான். சட்டம் பார்ப்பது அவர் எந்த நாட்டின் பிரஜை என்பதை. கனடாப் பிரஜாவுரிமை எடுத்து, இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்கவோ திரும்பப் பெறவோ விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால், கல்லடியில் பிறந்தவரும் இங்கே வெளிநாட்டவர்தான். கனடாவில் நிரந்தர வதிவிடம் மட்டும் எடுத்து, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர் இலங்கைப் பிரஜை. பல குடும்பங்களில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறு பக்கமும் இருப்பார்கள். முதலில் அதைக் கேட்டுத் தெளிவாக்குங்கள்.

பாங்கில போட்டாலே வட்டி வரும். பிறகு ஏன் ஆக்கள் இன்னொரு நாட்டில கொண்டு போய்க் காணியில போடுறாங்க?

கேட்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் இலாபம். கொஞ்சம் பேசவிட்டால் வேறு காரணங்கள் வெளியே வரும். பெரிய காரணம் பயம் என்றுதான் நான் நினைக்கிறேன். 1983க்குப் பிறகு ஒரே இரவில் எல்லாவற்றையும் விட்டு ஓடிய குடும்பங்கள் இவை. 2004 சுனாமியில் நாவலடி தொடங்கி அம்பாறைக் கரையோரம் வரை வீடும் உறுதியும் சேர்ந்தே போயின. 2022ல் ரூபாய் விழுந்தபோது வங்கியில் இருந்த சேமிப்பின் பெறுமதி கண் முன்னால் கரைந்தது. இத்தனையும் பார்த்த ஒருவர் ஒரு முட்டையை வேறு கூடையில் வைக்க நினைப்பது பேராசை இல்லை. இங்கே இருப்பவர் துபாயைப் பார்க்கிறார், அங்கே இருப்பவர் மட்டக்களப்பைப் பார்க்கிறார். இருவரும் தேடுவது ஒன்றுதான்: ஒரு நாடு கைவிட்டால் இன்னொன்று.

அடுத்தது ஊர்ப் பாசம். "கடைசிக் காலத்தில வாவிக்கரையில ஒரு வீடு" என்று சொல்பவர் வாடகை வருமானத்தைக் கணக்குப் போடுவதில்லை. வட்டி வாங்க விரும்பாத முஸ்லிம் குடும்பங்களுக்குக் காணியும் கடையும்தான் பழகிய சேமிப்பு. அதனால் நிலையான வைப்போடு ஒப்பிடும் கேள்வியே அவர்களுக்கு எழாது. பிள்ளையின் படிப்பு, விசா, தெரிந்த ஒருவர் வாங்கியது, இவையும் இழுக்கும். கடைசியாகச் சொன்னது மிகவும் வலுவானது. ஒரு ஒழுங்கையில் இரண்டு பேர் துபாயில் வாங்கினால் மூன்றாமவர் விசாரிக்க வந்துவிடுவார்.

உங்கள் காரணம் இவற்றில் எது என்று முதலில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பொறுத்தே மாறும்.

டொலர் ஏறினா ஏன் வெளியில உள்ளவங்க காணி கேட்டு வாறாங்க?

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்தது. மே மாதம் ஏறக்குறைய 360 ஆகிவிட்டது. 10,000 டொலர் வைத்திருந்தவருக்கு 20 இலட்சம் சொச்சம் 36 இலட்சமானது. காணி விலை அதே வேகத்தில் ஏறவில்லை. அதனால் டொலரில் உழைப்பவருக்கு ஊர்க் காணி திடீரென்று மலிவாகத் தெரிந்தது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ரூபாயில் வாங்கியதை விற்கும்போதும் ரூபாயில்தான் வரும். காணி விலை இரண்டு மடங்காகி, அதற்குள் ரூபாயின் பெறுமதியும் பாதியாகியிருந்தால், டொலர்க் கணக்கில் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். திரும்ப வந்து இங்கேயே இருக்கப் போகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. விற்றுப் பணத்தை வெளியே கொண்டு போக நினைப்பவருக்கு இதுதான் முழு விஷயமும்.

தங்கச்சிக்கு வீடு கட்டிக் குடுக்கிறன். இதையும் முதலீடு எண்டு சொல்லுவாங்களா?

சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பகுதிக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் நிறைய இப்படித்தான் காணியாகவும் வீடாகவும் மாறுகிறது. தமிழரிலும் முஸ்லிம்களிலும் பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது இங்கே வழக்கம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். தங்கச்சி இலங்கைப் பிரஜை, உறுதியும் அவர் பெயரில் என்றால் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் மனதில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அது அவருடைய வீடு. "எண்ட காசுதானே, பிறகு எனக்கும் ஒரு பங்கு" என்ற எண்ணம் உள்ளே இருந்தால் இப்போதே பேசி எழுத்தில் வைக்க வேண்டும். கலியாணம் முடிந்து பிள்ளைகளும் வந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் உறவு முறியும்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுத்திட்டன். எண்ட பேரில காணி எழுதேலுமா?

பொது விதி: ஏலாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க காணி பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. அது 2013 ஜனவரி 1 முதல் செல்லும்படியாகுமாறு கொண்டுவரப்பட்டது. வெளிநாட்டுப் பங்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்கும் பொதுவாக இதே தடைதான். தடையை மீறி எழுதிய உறுதி சட்டத்தின் முன் செல்லாது.

முக்கியமான விலக்கு இரட்டைப் பிரஜாவுரிமை. அது கிடைத்துவிட்டால் நீங்கள் மற்ற இலங்கையரைப் போல வாங்கலாம். 2011ல் நிறுத்தி வைக்கப்பட்ட அந்த நடைமுறை 2015ல் மீண்டும் தொடங்கியது. விண்ணப்பித்து முடிய நாள் எடுக்கும், கட்டணமும் உண்டு. என் கருத்தில் காணி பார்க்கத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விண்ணப்பிக்கப் போனவர்கள் பட்ட பாட்டை நிறையப் பார்த்துவிட்டேன். அடுக்குமாடி வீடு வாங்க வெளிநாட்டவருக்குத் தனி வழி இருக்கிறது. முழுத்தொகையும் உறுதி எழுதும் முன் வெளிநாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் கொழும்புக் கதை.

அப்பாட வளவு இருக்கு. நான் சுவிஸ் பிரஜை. எனக்கு அது வராதா?

வரும். பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசு வழியிலோ, நன்கொடையாகவோ, மரணசாதனத்தின் (உயிலின்) மூலமோ வெளிநாட்டவரான உறவினருக்கு வரும் காணிக்கு மேலே சொன்ன சட்டம் விலக்குத் தருகிறது. வாங்குவதுதான் தடை.

அப்பா எதுவும் எழுதாமல் காலமானால், இங்குள்ள தமிழருக்கு 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு, மிகுதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் வடக்குத் தமிழருக்குரியது, இந்த ஊர்த் தமிழருக்குப் பொருந்தாது. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மார்க்கப்படியான பங்கு. வெளிநாட்டில் இருப்பதால் உங்கள் பங்கு குறையாது.

தம்பிட பேரில எழுதி வைச்சிட்டு, பிறகு இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்து மாத்தினா என்ன?

மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இது, கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். தம்பி நல்லவர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் உறுதி தம்பியின் பெயரில் இருந்தால் காணி தம்பியுடையது. அவர் கடன்பட்டால் கடன்காரர் அதைப் பார்ப்பார். அவர் திடீரென்று காலமானால் அது அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும், அவர்கள் உங்களுக்கு எழுதித் தரச் சட்டப்படி கட்டாயம் இல்லை. அவர் வெளிநாடு போய் அந்த நாட்டுப் பிரஜையானால் கதை இன்னும் சிக்கும்.

"காசு நான் கொடுத்தேன்" என்று, தம்பி உங்களுக்காகத்தான் காணியை வைத்திருக்கிறார் எனும் நம்பிக்கைப் பொறுப்பின் கீழ் வழக்குப் போடலாம். ஆனால் சட்டம் தடுத்ததைச் சுற்றிப் போகத்தான் இப்படி எழுதினீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அந்த வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், அதற்குள் அண்ணன் தம்பி பேச்சு நின்றிருக்கும். பொறுக்க முடிந்தால் இரட்டைப் பிரஜாவுரிமை வரும்வரை பொறுங்கள். பொறுக்க முடியாவிட்டால் இலங்கைப் பிரஜையாக உள்ள அம்மாவோ அப்பாவோ வாங்கலாம். அது உண்மையிலேயே அவர்களுடைய காணி என்று ஏற்றுக்கொண்டு வாங்குங்கள். பிறகு உங்களுக்கு அது நன்கொடையாக வருவதற்கு முந்திய பதிலில் சொன்ன வழி இருக்கிறது. உங்கள் சகோதரங்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அறுகம்பேயில வெள்ளக்காரர் ஹோட்டல் வைச்சிருக்காங்களே, அது எப்படி?

பெரும்பாலும் குத்தகை. வெளிநாட்டவர் 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். தொடக்கத்தில் இதற்கு 15 சதவீதக் குத்தகை வரி இருந்தது, 2016 முதல் அது நீக்கப்பட்டது. இன்னொரு வழி, பாதிக்கு மேல் பங்கு இலங்கையரிடம் உள்ள கம்பனி. 2009க்குப் பிறகு பாசிக்குடாவும் அறுகம்பேயும் சுற்றுலாவால் வளர்ந்ததும் பலரின் கண் கரையோரம் பக்கம் திரும்பியது.

வியாபாரம் நடத்தத்தான் இடம் வேண்டும் என்றால், இரட்டைப் பிரஜாவுரிமை இல்லாத எங்கள் ஆட்களுக்கும் குத்தகை நல்ல வழி. பலர் "சொந்தமில்லை" என்ற மனக்குறையால் அதை விட்டுவிடுகிறார்கள். கடற்கரையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: கடலிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். குத்தகை கையில் இருந்தாலும் இந்த அனுமதி தனி.

காசை எந்த வழியால அனுப்பிற? உண்டியல்ல அனுப்பினா ரேட் கூடத்தானே?

வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் மாற்றும் உண்டியல் முறை சட்டவிரோதம். அதோடு, அப்படி வந்த பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் எந்தத் தாளும் இருக்காது. ஒரு நாள் காணியை விற்று, பணத்தை வெளியே கொண்டு போக நினைக்கும்போது வங்கி கேட்பது அந்தத் தாளைத்தான்.

2017ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டவரும், வெளிநாட்டில் வசிக்கும் இலங்கையரும், இரட்டைப் பிரஜைகளும் உள்முக முதலீட்டுக் கணக்கு திறக்கலாம். பணம் அதன் வழியாக வந்து காணிக்குப் போனால், விற்ற பணமும் அதன் வழியாகவே வெளியே போகலாம். சில ரூபாய் ரேட்டுக்காக இந்தக் கதவை மூடிக்கொள்ளாதீர்கள்.

படுவான்கரையில பெர்மிட் காணி மலிவா இருக்கு. எடுக்கலாமா?

வெளிநாட்டவருக்கு அது வழியே இல்லை. இலங்கைப் பிரஜைக்கும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் (பெர்மிட்) காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்பவரை நம்பாதீர்கள். மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வயலும் அப்படித்தான். வாங்கலாம், ஆனால் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் மண் போட்டு நிரப்பி வீடு கட்ட முடியாது.

தம்பி வட்சப்பில வீடியோ அனுப்பினான், காணி வடிவா இருக்கு. நான் வராமலே முடிக்கேலுமா?

முடிக்கலாம். இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்பட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பி, அதை இங்கே பதிந்து, உங்கள் சார்பில் ஒருவர் கையெழுத்து வைக்கலாம். அந்தத் தத்துவத்தை ஒரு குறிப்பிட்ட காணிக்கு, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் என்று எழுதுங்கள். எல்லா அதிகாரமும் கொடுக்கும் பொதுத் தத்துவம் கொடுக்காதீர்கள்.

வீடியோ காட்டாதவை இருக்கின்றன. காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்க்க வேண்டும். முப்பது வருடமாவது பின்னோக்கி உறுதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, ஈடு (அடமானம்) இருக்கிறதா, வழக்கு பதிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். சேவையரை (நில அளவையாளரை) கூப்பிட்டுப் பழைய பிளானோடு எல்லையை ஒப்பிட வேண்டும். பக்கத்து வளவுக்காரரிடம் பேச வேண்டும், ஏட்டில் இல்லாத கதை அவரிடம் இருக்கும்.

எங்கள் மாவட்டங்களில் இது இரண்டு மடங்கு முக்கியம். யுத்தத்தில் ஆட்கள் இடம்பெயர்ந்தார்கள், அவர்கள் காணியில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். பொதுவாகப் பத்து வருடம் தடையின்றி எதிர் ஆட்சி செய்தவர், அதாவது உரிமையாளருக்கு எதிராகக் காணியைத் தனதாக வைத்திருந்தவர், உரிமை கோரலாம். ஆனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவருக்குப் பாதுகாப்புக் கொடுத்து, வழக்கிட இரண்டு வருட அவகாசமும் கொடுத்தது. இன்று ஒருவர் "இருபது வருடமாக நான்தான் இருக்கிறன்" என்று விற்க வந்தால், அந்த இருபது வருடமும் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். இன்னொருவரின் இழப்பின் மேல் வீடு கட்டுவதைத் தவிர்க்கவும் இந்தத் தேடல் உதவும்.

நாங்க இங்கதான் இருக்கம். துபாயில ஒரு அப்பார்ட்மென்ட் எடுக்கலாமா? நானா எடுத்திருக்கார்.

உங்கள் நானா (அண்ணன்) அங்கே வேலை செய்து திர்ஹமில் உழைக்கிறாரா? அப்படியென்றால் அவருக்குச் சரியாக இருக்கலாம். 2002 முதல் துபாய் குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவருக்கு முழு உரிமை கொடுக்கிறது, 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. திர்ஹம் 1997 முதல் ஒரு டொலருக்கு 3.6725 என்று நிலையாக இருக்கிறது. ரூபாய் விழுவதைப் பார்த்தவர்களை இழுப்பது இந்த எண்தான். தவணையில் கட்டும் வசதியும் சேர்ந்தால் மனம் சாய்ந்துவிடும்.

எச்சரிக்கைகளும் உண்டு. காணித் திணைக்களத்துக்கு விலையில் 4 சதவீதப் பதிவுக் கட்டணம், பிறகு வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம். 2008 நெருக்கடியில் அங்கே விலை ஏறக்குறையப் பாதிக்குச் சரிந்தது. கட்டி முடியாத வீடு வாங்கினால் உங்கள் தவணை 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் திட்டத்துக்குரிய தனிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். கட்டுபவரின் சொந்தக் கணக்குக்கோ முகவரின் கைக்கோ கொடுக்காதீர்கள்.

இங்கே ரூபாயில் சம்பளம் எடுப்பவருக்கு முதல் கேள்வி வேறு. இலங்கையில் வசிப்பவர் மூலதனப் பணத்தை வெளியே அனுப்ப மத்திய வங்கியின் கட்டுப்பாடுகள் இருக்கின்றன, 2020 முதல் அவை இறுக்கமாகின. தவணை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். முதல் தவணையைக் கட்டிவிட்டு அடுத்ததை அனுப்ப வழியில்லாமல் நின்றால் கட்டியதும் ஆபத்தில்.

அப்ப சென்னை, திருச்சிப் பக்கம்? மொழியும் ஒண்டு, கோயிலும் பக்கத்தில.

ஆசை நியாயமானது, ஆனால் சட்டம் விடாது. இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம், சீனா, நேபாளம் உட்பட ஒரு பட்டியல் நாடுகளின் பிரஜைகள் இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே காணி, வீடு வாங்க முடியாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு எடுக்கலாம். உறவினர் பெயரில் வாங்கும் யோசனை வந்தால் தம்பி பற்றிய பதிலைத் திரும்பப் படியுங்கள், அங்கேயும் அதே ஆபத்து.

மகள் வெளிநாட்டில படிக்கப் போறா. வாடகை குடுக்கிற காசுக்கு வீடு வாங்கினா நல்லந்தானே?

நாட்டைப் பொறுத்தது. கனடா 2023 ஜனவரி 1 முதல் பிரஜையோ நிரந்தர வதிவிடக்காரரோ அல்லாதவர் பெரும்பாலான நகரப் பகுதிகளில் வீடு வாங்குவதைத் தடுத்து, அதை 2027 ஜனவரி 1 வரை நீடித்தது. அவுஸ்திரேலியா 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, ஏற்கெனவே கட்டியிருக்கும் வீடுகளை வெளிநாட்டவர் வாங்கத் தடை போட்டது. இங்கிலாந்தில் தடை இல்லை, ஆனால் அந்நாட்டில் வசிக்காதவர் 2021 ஏப்ரல் முதல் முத்திரை வரியில் 2 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்த நாடுகளின் சொந்த மக்களுக்கே வீட்டு விலை எட்டாமல் போனதுதான் இந்த இறுக்கத்துக்குக் காரணம்.

மூன்று வருடப் படிப்புக்கு வீடு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்கும் செலவும் விற்கும் செலவும் சேர்ந்தால் மிச்சம் பிடித்த வாடகையில் பெரும்பகுதி போய்விடும்.

வீடு வாங்கினா விசாவும் தருவாங்களாமே?

சில நாடுகளில். துபாயில் 20 இலட்சம் திர்ஹம் பெறுமதியான சொத்துக்குப் பத்து வருட விசா உண்டு. ஐரோப்பாவில் இந்தக் கதவுகள் மூடிக்கொண்டு வருகின்றன: போர்த்துக்கல் 2023ல் வீட்டு முதலீட்டை நீக்கியது, ஸ்பெயின் 2025ல் திட்டத்தையே நிறுத்தியது. விசாவுக்காக மட்டும் வாங்கினால், விதி மாறும் நாளில் கையில் இருப்பது வீடு மட்டும். அந்த வீடு விசா இல்லாமலும் உங்களுக்குப் பயன்படுமா என்று யோசியுங்கள்.

எண்ட பிள்ளைகள் அங்க பிறந்தவங்க. நான் இல்லாத காலத்தில இந்தக் காணியை என்ன செய்வாங்க?

இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள் கடைசியில்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பிரஜைகளான பிள்ளைகளுக்கும் காணி வாரிசாகப் போகும், அதை மேலே சொன்னேன். சிக்கல் வேறு இடத்தில். மூன்று பிள்ளைகள் மூன்று நாட்டில், ஒரு வளவில் பிரிபடாத பங்கு, யாருக்கும் உறுதி எங்கே என்று தெரியாது. அப்படிக் கிடக்கும் வளவுகளில்தான் எல்லை நகர்கிறது, வேறு ஆட்கள் வந்து இருக்கிறார்கள்.

உயிரோடு இருக்கும்போதே மரணசாதனம் எழுதுங்கள். இங்கே நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சியோடு எழுதலாம், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சி வேண்டும். ஒரு வளவை ஒரு பிள்ளைக்கு என்று முழுதாக எழுதுவது மூவருக்கும் பங்கு போடுவதைவிடப் பல குடும்பங்களில் நன்றாக வேலை செய்திருக்கிறது. மற்றவர்களுக்கு வேறு வழியில் சமப்படுத்தலாம். பிள்ளைகளை ஒரு தரமாவது கூட்டி வந்து எல்லைக் கல்லைக் காட்டுங்கள். உறுதியின் இலக்கம், பிளான் இலக்கம், எந்தப் பதிவகத்தின் எந்த ஏடு என்பதை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பிரதி கொடுங்கள், அவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் அவர்கள் வாசிக்கும் மொழியில்.